எத்தனை மீட்டர்?

அநியாயம் நடந்தது சங்கரநயினாருக்கு. செய்தது உடன்பிறந்த தம்பி கோமதிநாயகம்.

அண்ணன் கீழ்வீடு, தம்பி மாடி. பதினோரு வருடம் அண்ணன் வீட்டு நெட்டைத்தான் தம்பி வீடும் பயன்படுத்தியது. தெருவில் பழைய டெலிபோன் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஃபைபர் போட்டபோது, தம்பி முந்திக்கொண்டு தன் பெயரில் இணைப்பு வாங்கினார்.

பாஸ்வேர்டை அண்ணனுக்குச் சொல்லவில்லை.

எட்டு மாதம் ஆயிற்று. இன்னும் சொல்லவில்லை.

இதுதான் வழக்கு. வாதி சொன்னபடி, இவ்வளவுதான் வழக்கு.

வாதிக்கு வயது அறுபத்தொன்று. வக்கீல் ஒருவரிடம் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் செத்துப்போன பழைய ரூட்டரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு குருவைத் தேடிப் போனார்.

குரு மலையடிவாரத்தில் இருந்தாள். மூடிக்கிடந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பின்கட்டில். பெயர் முப்பிடாதி. வயது இருபத்தாறு.

ஊர் தூக்கிப்போட்ட ரூட்டர்களைப் பிழைக்க வைப்பது அவள் வேலை. வேலை இல்லாதபோது சும்மா இருப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். சில சமயம் அதுவும் இல்லை.

இதையே ஒரு ஆண் தாடி வைத்துக்கொண்டு செய்திருந்தால், சித்தர் என்று சொல்லி வாசலில் சூடம் கொளுத்தியிருப்பார்கள். இவளை ‘ரூட்டர்க்காரப் பிள்ளை’ என்றார்கள்.

சங்கரநயினார் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏ பிள்ளே, ஆம்பளைங்க யாரும் இல்லையா?”

“ஒரு பல்லி இருக்கு. ஆம்பளைதான்னு நினைக்கேன். கூப்பிடவா?”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கு.”

“ரூட்டரைக் காட்டுங்க.”

“மொதல்ல விஷயத்தைக் கேளு.”

“கேக்கேன். ரூட்டரைக் காட்டுங்க.”

அவர் வழக்கைச் சொன்னார். ஆண்டு, மாதம், தேதியோடு சொன்னார். அவள் அதற்குள் ரூட்டரின் அடாப்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

அவர் பேச்சு நின்றது.

“எட்டு மாசமாச் செத்துக் கெடந்ததே!”

“சோறு போடலைன்னா யாரும் அப்படித்தான் கெடப்பாங்க. அடாப்டர்தான் போயிருக்கு.”

“அப்ப நெட்டு வருமா?”

“மொதல்ல பழசை மறக்கணும்.”

அவள் தன் தாவணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

“பின்னாடி சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கு. இதை விட்டு அழுத்திப் பிடிங்க. மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க. கையை எடுக்கப்பிடாது.”

அவர் அழுத்தினார். எண்ணினார்.

பதினொன்று வந்ததும் தாங்கவில்லை. “பதினோரு வருஷம்! தெரியுமா உனக்கு? பதினோரு வருஷம்...”

கையை வீசாமல் அவருக்குப் பேச வராது. கோர்ட்டில் பழகிய கை.

“எடுத்துட்டீங்க. மொதல்லேருந்து.”

மறுபடி அழுத்தினார். பத்தொன்பதில், “ஒரு வார்த்தை சொல்ல எம்புட்டு நேரமாவும் அவனுக்கு?”

“மொதல்லேருந்து.”

மூன்றாவது முறை இருபத்தேழு வரை போனார்.

நான்காவது முறை பல்லைக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. முப்பது. விளக்கெல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்தது.

“என்ன ஆச்சு?”

“எல்லாத்தையும் மறந்துட்டு. பாஸ்வேர்டு, பேரு, எல்லாம். இப்ப இது கடையிலேருந்து வந்த அன்னைக்கு மாதிரி.” அவள் மடிக்கணினியைத் திறந்தாள். “என்ன பேரு வைக்க?”

“பழைய பேரு. சங்கரவிலாசம்.”

“பாஸ்வேர்டு?”

“அதுவும் பழசுதான். உலகம்மை. எங்கம்மா பேரு. பின்னாடி ஒண்ணு ஒம்பது மூணு எட்டு.”

அவள் விரல் நின்றது.

“எல்லாத்தையும் மறக்க வச்சுட்டு, அதே பேரு, அதே பாஸ்வேர்டா? புதுசா ஒண்ணு வச்சுக்கலாமே.”

“ஏன் வைக்கணும்? பேரு என்னுது. பாஸ்வேர்டு என்னுது. நான் என்ன தப்புப் பண்ணினேன், மாத்துததுக்கு?”

அவள் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சரி,” என்றாள். அப்படியே அடித்தாள்.

பிறகு அவருடைய போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

“இந்த ரூட்டர்ல யாரு யாரு இருக்காங்கன்னு இதுல தெரியும்.”

பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அவருடைய போன்.

“நான் மட்டுந்தான் இருக்கேன்.”

“ஆமா,” என்றாள் முப்பிடாதி.

*

மறுநாளே திரும்பி வந்தார்.

“உசுரு வந்துச்சு, நெட்டு வரலையே!”

“எங்கேருந்து வரணும்?”

“ரூட்டர்லேருந்து.”

“ரூட்டருக்கு எங்கேருந்து வரும்?”

“அதை நீ சொல்லணும். குரு நீயா, நானா?”

“கம்பியை எடுத்துட்டாங்க. இனிமே இது தானா எதையும் கொண்டாராது. யாருகிட்டயாவது வாங்கித்தான் கொடுக்கணும்.”

“வாங்கித்தான்னா? பதினோரு வருஷம் கொடுத்த ரூட்டர் இது.”

“தெரியும். சொன்னீங்க.”

“அவன் என்னைக்காவது கேட்டானா? கேக்காமலே கொடுத்தேன். அதே மாதிரி அவனும் கேக்காமத் தரணும். அதுதானே நியாயம்? எங்கே, எதிர்வாதம் சொல்லு பார்ப்போம்.”

அவள் எதிர்வாதம் சொல்லவில்லை. “கடைசியா அவர்கிட்ட என்ன பேசினீங்க?” என்று கேட்டாள்.

அவர் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தெருவில் ஃபைபர் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தம்பி மகள் செண்பகத்துக்குப் புனேயில் வேலை கிடைத்த நாள். தாயில்லாப் பிள்ளை. மாடியில் விருந்து. நாற்பது பேர். லட்டைக் கையில் வைத்துக்கொண்டு சங்கரநயினார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: ‘எல்லாம் என் நெட்டுல படிச்ச படிப்புதான். அவ அப்பனை நம்பியிருந்தா இன்னைக்குப் பிள்ளை பீடி சுத்திக்கிட்டு இருக்கும்.’

“உண்மையா, இல்லையா? நீயே சொல்லு.”

“உண்மையா இருக்கலாம்.”

“பெறவு?”

அவள் ஆணியில் தொங்கிய கேபிள்களில் ஒன்றை எடுத்தாள். ஒரு முழம் நீளம். மஞ்சள் நிறம். இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி சொருகி.

“ஒரு முனை ரூட்டர் பின்னாடி. இன்னொரு முனை எங்க போகணுமோ அங்க.”

“எங்க போகணும்?”

“யோசிங்க.”

அவர் வீட்டுக்கு வந்து யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். ரூட்டரின் பின்னால் நான்கு ஓட்டைகள் இருந்தன. கேபிளோ ஒரு முழம். ஒரு முழக் கேபிள் வேறு எங்கே எட்டும்?

ஒரு முனையை முதல் ஓட்டையில் செருகினார். மறுமுனையை நான்காவது ஓட்டையில் செருகினார்.

ஆகா!

எல்லா விளக்கும் எரிந்தது. எரிந்தது மட்டுமில்லை, படபடவென்று துடித்தது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் அப்படித் துடித்ததில்லை.

நெட்டு வரவில்லை. ‘வரும், சூடாகணும்’ என்று இரண்டு நாள் காத்திருந்தார். அந்த இரண்டு நாளும் வீடு வெளிச்சமாக இருந்த மாதிரி இருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் போய் விவரம் சொன்னார். முப்பிடாதி எழுந்து நின்றுவிட்டாள்.

“ரெண்டு முனையுமே அதுலயா?”

“ஆமா. விளக்கெல்லாம் எப்படி வேலை செய்யுதுங்கே!”

“வேலை ஒண்ணும் செய்யலை. தான் அனுப்புனதைத் தானே வாங்கி, மறுபடி தனக்கே அனுப்புது. அதையும் வாங்கி அனுப்புது. நிக்கவே நிக்காது.”

“யாருக்கும் போகாதா?”

“யாருக்கும் போகாது.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா இப்படி ஓடுது?”

“ரெண்டு நாளா.”

“எட்டு மாசம்னு நினைச்சேன்,” என்றாள்.

*

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். கேட்காமலே தர வேண்டும் என்பது அண்ணனின் நியாயம். கேட்டால் தந்திருப்பேன் என்பது தம்பியின் நியாயம். இரண்டுமே நியாயம்தான். இரண்டு நியாயங்களும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக ஆளுக்கொரு அடுப்பு மூட்டி, ஆளுக்கொரு ஆழாக்கு அரிசி வைத்து, தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

கீழ்வீட்டுச் சுவர் கல்சுவர். செல்போனில் ஒரு கோடுதான் வரும். மழை வந்தால் அதுவும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாடியில் புனேயிலிருந்து வீடியோ கால் வரும். அந்தச் சத்தம் மட்டும் மாடிப்படி வழியாக நன்றாக இறங்கி வரும்.

“அப்பா, பெரியப்பா எங்கே?”

“கீழ இருக்காரு.”

அதற்கப்புறம் இரண்டு பேரும் வேறு ஏதாவது பேசுவார்கள்.

இது வாதியின் வாக்குமூலத்தில் இல்லை. நாலாவது தடவை போனபோது, கேட்காமலே குருவிடம் சொன்னார். கையை வீசாமல் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு மடிக்கணினியில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தாள். ஒரு கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் டிக் இருந்தது.

“வீட்டுல இருக்க ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர் ஒரு நம்பர் கொடுக்கும். கதவு நம்பர் மாதிரி. அது இருந்தாத்தான் யாருக்கும் எதுவும் வந்து சேரும். இப்ப உங்க ரூட்டரும் கொடுக்குது, மாடி ரூட்டரும் கொடுக்குது. ரெண்டையும் கேபிள் போட்டு இணைச்சா, ரெண்டு பேரும் நம்பர் கொடுப்பாங்க. எல்லாம் குழம்பிரும்.”

“அதனால?”

“ஒருத்தர் கொடுக்கதை நிறுத்தணும். இந்த டிக்கை எடுத்துட்டு, மாடியிலேருந்து ஒரு கேபிளை இறக்கி மாட்டினா, அங்க வாரது அப்படியே இங்கயும் வரும். பழைய ரூட்டருக்கு இதுதான் வழி. எல்லாரும் இப்படித்தான் பண்ணுதாங்க.”

“நான் கொடுக்கதை நிறுத்தணுமா? நேத்து வந்தவன் கொடுப்பான், நான் கைகட்டி நிக்கணுமா? மாடி ரூட்டர்ல டிக்கை எடுக்கச் சொல்லு.”

“லைன் அதுல வருது.”

“எடுக்க மாட்டேன்.”

“எடுக்காதீங்க.”

“என்னம்மா, வாதாடவே மாட்டேங்கே?”

‘பிள்ளே’ இப்போது ‘அம்மா’ ஆகியிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

“வாதாடினா நீங்க ஜெயிச்சிருவீங்க,” என்றாள் அவள். “ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போயி?”

அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பினார்.

“சும்மா கேக்கேன். ஒரு பேச்சுக்கு. அந்தக் கேபிள் உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு. எத்தனை மீட்டர்?”

“எங்கேருந்து எங்கே?”

“அதைத்தான் நான் கேக்கேன்.”

அவருக்குத் தெரியவில்லை. அறுபத்தொரு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார்.

“அளந்துட்டு வாங்க,” என்றாள் முப்பிடாதி.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை அளக்கும் டேப்பை எடுத்தார்.

ரூட்டரிலிருந்து அறை வாசல், இரண்டு மீட்டர். வாசலிலிருந்து படியடி, மூன்றரை.

படிகள் பதினாறு. ஒவ்வொரு படியாக டேப்பை வைத்து ஏறினார். ஏழாவது படியில் நின்றார். அதற்கு மேல் ஏறினால் மாடிக் கதவு தெரியும். மாடிக் கதவுக்கும் அவர் தெரிவார்.

ஏழாவது படியில் உட்கார்ந்தார். இந்தப் படியில் சின்ன வயதில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. முழங்கால் வலித்தது. அதனால் உட்கார்ந்தார்.

மேலே போன் அடித்தது. ஆறு மணி.

சங்கரநயினார் டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அறைக்குள் வந்து கதவைப் பாதி சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்து தன் போனை எடுத்தார். யார் யார் இருக்கிறார்கள் என்ற பக்கத்தைத் திறந்தார். இந்த ஒரு வாரமும் தினம் திறந்து பார்த்தார். நெட்டு இல்லாத ரூட்டரில் யார் வந்து உட்காரப்போகிறார்கள்?

ஒரே வரி.

மேலே செண்பகம் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு, “அப்பா, பெரியப்பாகிட்ட கொடுங்களேன்,” என்றாள்.

மேலே நாற்காலி நகர்ந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே நடக்கிற சத்தம். மாடிக் கதவைத் தாண்டியது. படியில் இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது படியில் நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

அப்போது சங்கரநயினாரின் கையில் இருந்த பக்கத்தில் இரண்டாவது வரி முளைத்தது.

கோமதிநாயகம் போன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அதே பேர், அதே பாஸ்வேர்டு. மாடி ரூட்டரின் சிக்னல் படியில் மெலிந்துபோக, தம்பியின் போன் பழைய வீட்டை அடையாளம் கண்டு தானாக நுழைந்திருக்கிறது. ‘சங்கரவிலாசம்’ என்ற பெயரை மறந்துவிடு என்று அந்தப் போனுக்கு எட்டு மாதமாக யாரும் சொல்லவில்லை.

“ஹலோ? செண்பகம்? ஹலோ?”

படியில் தம்பியின் குரல். அப்புறம் தடதடவென்று மிச்சப் படிகள்.

பாதி சாத்திய கதவு முழுசாகத் திறந்தது.

“அண்ணே, நெட்டு கட்டாயிட்டு! பிள்ள பேசிக்கிட்டிருக்கா! என்ன பண்ணுதீங்க நீங்க?”

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.

இந்த வார்த்தைக்குச் சங்கரநயினாரிடம் பதினான்கு பதில்கள் தயாராக இருந்தன. ராத்திரிகளில் உட்கார்ந்து திருத்தித் திருத்தி வைத்தவை. நெட்டு கட்டானால் எப்படியிருக்கும் என்று இப்போது தெரிகிறதா என்பது முதல் பதில். மீதிப் பதின்மூன்றும் அதைவிடக் கூர்மை.

வலது கை உயர்ந்தது.

உயர்ந்த கை போனுக்குத் திரும்பியது. முப்பிடாதி காட்டிய இன்னொரு பக்கத்தைத் திறந்தார். கட்டம் இருந்தது. டிக் இருந்தது.

டிக்கை எடுத்தார்.

மூலையில் ரூட்டர் ஒரு தடவை அணைந்தது. முப்பது எண்ணுகிற நேரம் ஆயிற்று. விளக்குகள் மெதுவாக எரிந்தன. இங்கே நம்பர் கிடைக்காத தம்பியின் போன் மாடி ரூட்டரைத் தேடிப் போயிற்று.

கோமதிநாயகம் தன் போனைப் பார்த்தார்.

“மாடி சிக்னல் ஒரு கோடு வந்துட்டு,” என்றார்.

இனி அவர் மேலே போகலாம். பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள். அவர் போகவில்லை. கட்டிலில் கிடந்த அளக்கும் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சங்கரநயினார் போனைக் கட்டிலில் வைத்தார். மனு எழுதுகிறவருக்கு அது தெரியும், கேட்கிற வாக்கியம் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டுமென்று. இருந்தாலும் தனக்காக ஒன்றும் இதுவரை எழுதியதில்லை.

“மேலேருந்து ஒரு கேபிள் இறக்கணும்ப்பா,” என்றார். “இந்த ரூட்டருக்கு. எத்தனை மீட்டர்னு தெரியலை. ஏழு படி வரைக்குந்தான் அளந்தேன்.”

“பதினெட்டு மீட்டர்,” என்றார் கோமதிநாயகம். “ஃபைபர் போட்ட அன்னைக்கே வாங்கிட்டேன். மாடியில என் கட்டிலுக்கு அடியில கெடக்கு.”